லாபம், இரண்டு, மூன்று

எங்கள் வீட்டில் ஒன்று என்ற எண் கிடையாது. படியால் அளக்கும்போது முதல் படி லாபம். அடுத்தது இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு. ஒன்று என்று ஆரம்பித்தால் வீட்டில் எல்லாம் ஒன்றோடு நின்றுபோகும் என்பாள் என் அம்மா. நிற்குமோ நிற்காதோ, நான் சோதித்துப் பார்த்ததில்லை. லாபம் என்று சொல்ல என்ன கூலியா கேட்கிறார்கள்?

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதுவதும் அப்படித்தான். ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய் உலையைப் பார்ப்பேன், வந்து அடுத்த வரி. அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் அளக்கிற காரியத்தில் என்னை ஒருத்தரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் எங்கள் ஊர். பருப்பும் தானியமும் விற்கிற கடை ஊரில் எங்களுடையதுதான். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடியிருப்பு. என் வீட்டுக்காரர் விருதுநகர் போய்ச் சரக்குப் பிடித்து வருவார். அளந்து கொடுப்பது நான். தீப்பெட்டி ஆபீசு விட்டு வருகிற பெண்கள் மடியை விரித்துக்கொண்டு என் முன்னால்தான் நிற்பார்கள். என்னிடம் இரண்டு படி இருந்தது. இரும்புப் படி கடைக்கு. பித்தளைப் படி அம்மா வீட்டுச் சீர். அது பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும்.

எனக்கு ஒரே மகள். தெருவில் மற்றப் பெண் பிள்ளைகள் எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகும். என் மகள் போக மாட்டாள் என்று அவள் பிறந்தபோதே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான். அதை முடித்துவிட்டுக் கடையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும், வருகிற மாப்பிள்ளையும் இந்த ஊரிலேயே வந்து இருக்க வேண்டும். இதுதான் என் கணக்கு. அதில் ஒரு பிசகும் இல்லை, அந்த டீச்சர் வருகிற வரைக்கும்.

அவள் வந்தபோது என் மகள் ஏழாவது. தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலை, கையில் ஒரு கடிகாரம், காதில் ஒன்றும் இல்லை. ஊரில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? என் வீட்டுக்காரர்தான் இரக்கப்பட்டு எங்கள் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு விட்டார். விடும்போது என்னையும் கேட்டார். நானும் சரி என்றுதான் சொன்னேன். இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் என்றால் வாத்தியார் சொல்லுவார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். அந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறவளுக்குக் கூடப் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகியிருக்கும். இவள் வந்த பிறகு ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் அந்தச் சத்தம் நின்றுபோனது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகளைக் கயிறும் கையுமாக வெளியே கூட்டி வந்து கொடிக்கம்பத்து நிழலை அளக்கச் சொன்னாள். எரிகிற மெழுகுவர்த்தி மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அது ஏன் அணைந்தது என்று பிள்ளைகளையே கேட்டாளாம். ஊருணிக் கரையில் ஈர மண்ணைக் குவித்து எங்கள் சீமை முழுவதையும் மண்ணிலேயே செய்யச் சொன்னாள். சிவகாசிக்கு ஒரு தீக்குச்சி, காரியாபட்டிக்கு ஒரு பருத்திக்கொட்டை, விருதுநகருக்கு ஒரு வற்றல் மிளகாய். அந்த மிளகாய் என் கடை மிளகாய். என் மகள் டவுசர் போட்ட பயல்களையெல்லாம் தள்ளிவிட்டு, விருதுநகரை நான்தான் வைப்பேன் என்று வைத்தாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மண்ணில் கிடந்த மிளகாயை யார் எடுத்தது என்று நான் கேட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் உளுந்து கொட்டின சுளகை மகளிடம் நீட்டினேன்.

"ஏ பிள்ளே, இந்த உளுந்தைக் கொஞ்சம் பொறுக்கிக் குடு."

"யம்மா, எனக்குப் பாடம் இருக்கு."

"என்ன பாடம்?"

"விதைப் பாடம். நல்ல விதை, சொத்தை விதை, ஒடைஞ்ச விதை மூணையும் பொறுக்கித் தனித்தனியா வைக்கணும். டீச்சர் சொல்லியிருக்காக."

சொல்லிவிட்டு என் கடை மூட்டையிலிருந்தே ஒரு கை உளுந்தை அள்ளிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பொறுக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவு இல்லை. அதே உளுந்து, அதே கை. நான் சொன்னால் வேலை, அவள் சொன்னால் பாடம்!

"பிள்ள படிக்குது, விடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"உளுந்து பொறுக்குறது படிப்பா? அப்படின்னா நானும் பெரிய படிப்பு படிச்சவதான்."

"அதை ஏன் இம்புட்டுச் சத்தமாச் சொல்லுதே? டீச்சரம்மா காதுல விழப்போகுது."

விழட்டும் என்றுதான் சொன்னேன்.

பொறாமைதான். வேறு நல்ல பேர் அதற்கு இருந்தாலும் எனக்குத் தெரியாது. பின்னறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் பேச்சும் கேட்கும், ஆனால் என்ன பேச்சு என்று பிடிபடாது. சிரிப்பு மட்டும் முழுசாக வரும். என் மகள் என்னிடம் அப்படிச் சிரித்தது கிடையாது. என்னிடம் சிரிக்க என்ன இருக்கிறது? நான் குளி என்பேன், சாப்பிடு என்பேன், விளக்கை ஏற்று என்பேன். நாளாக நாளாக அவள் பேசும்போது கையை ஆட்டுகிற விதம் கூட மாறிவிட்டது. ஒரு விரலை மடக்கி, "ஏன்?" என்று கேட்பாள். ரசத்தில் கடுகு ஏன் வெடிக்குது, உப்பு ஏன் கரையுது. பெற்றவளைப் பார்த்து ஏன் ஏன் என்று கேட்கிற பிள்ளையை எங்கள் தெருவில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிலோ, லிட்டர் என்று புது அளவு வந்தது. படியை எடுத்துவிடச் சொல்லி அதிகாரிகள் கடை கடையாக வந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் புது அளவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று டீச்சருக்கும் உத்தரவு. வேறு ஆளாக இருந்தால் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லியிருப்பார்கள். இவள் அவரவர் வீட்டிலிருந்து அளக்கிற சாமானைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

காலையில் பூஜை அலமாரியைத் திறக்கிறேன், பித்தளைப் படியைக் காணோம்.

யார் எடுத்தது என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. கடையை அவரிடம் விட்டுவிட்டு விறுவிறு என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு வெளியே வேப்பமரத்தடியில் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முள்வேலி. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தரையில் உழக்கும், ஆழாக்கும், எண்ணெய் அளக்கிற கரண்டியும், தகரத்தில் அடித்த ஒரு லிட்டர் டப்பாவும் இருந்தன. நடுவில் என் பித்தளைப் படி. அதை வைத்துக்கொண்டு மணலை அளந்துகொண்டிருந்தாள் என் மகள்.

உள்ளே போய்ப் பிடுங்கத்தான் வந்தேன். கால் போகவில்லை. அவள் அளந்த அழகு அப்படி. படியைச் சாய்த்து அள்ளி, நிமிர்த்தி, உள்ளங்கை ஓரத்தால் ஒரே வழிப்பில், விளிம்புக்கு மேலே நின்றதைத் தலை வழித்தாள். நான் வழிக்கிற மாதிரியே இருந்தது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. பக்கத்தில் கிடந்து பார்த்துப் பார்த்து வந்த கை அது. வாயும் என் வாய்தான்.

"லாபம்," என்றாள். "ரெண்டு..."

பின்னால் இருந்த ஒரு பயல் களுக்கென்று சிரித்தான். டீச்சர் அவனை அதட்டிவிட்டு, என் மகள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

"லாபங்கிறது வீட்டுல சொல்லுற சொல்லு. நல்ல சொல்லுதான். ஆனா கணக்குல அது எண் கிடையாது பார்த்துக்கோ. ஒண்ணுன்னு சொல்லு."

என் மகள் படியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அள்ளினாள்.

"ஒண்ணு," என்றாள்.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைத்தாள். நான் படியை வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த 'ஒண்ணு' என் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

படி சாயங்காலம் கழுவித் துடைத்து வீட்டுக்கு வந்தது. கூடவே டீச்சரும் வந்தாள். "அக்கா, கேக்காம எடுத்துட்டு வந்தேன்னு இப்பதான் சொல்லுதா. கோவிச்சுக்கிடாதீக," என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டால் நான் கோபப்படுவதற்குக் கூட வழியில்லாமல் போகிறது. அப்படி ஒரு குணம் அவளுக்கு.

அந்த வாரமே கடையில் நான் கை வேலையாக இருந்தேன். எதிர்வீட்டுக்காரி கம்பு வாங்க வந்து நின்றாள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள், நாக்கில் பசை கிடையாது. என் மகள் எழுந்து இரும்புப் படியை எடுத்து, "ஒண்ணு," என்று அவள் மடியில் கொட்டினாள்.

"ஏ மதினி, என்ன இது? உங்க பிள்ள ஒண்ணுங்கா! உங்க கடையில லாபம் இல்லையா, இல்ல, நான் வாங்குனா லாபம் இல்லையா?"

"வாய் தவறிச் சொல்லிட்டா. ஏ பிள்ளே, சரியாச் சொல்லி அள."

"லாபம் எண் இல்லம்மா," என்றாள் என் மகள்.

"பாத்தீகளா மதினி! பின்னறைய வாடகைக்கு விட்டீக, இப்ப உங்க முன்னறையும் அவுக கையில போச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்பனும் மகளும் லிட்டர் டப்பாவையும் படியையும் வைத்துக்கொண்டு கடைக்குள் துவரம்பருப்பை இங்கிருந்து அங்கே மாற்றி மாற்றிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். புது அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று தெருப் பெண்கள் சண்டைக்கு வந்த நேரம் அது. என் மகள் அவர்கள் கண் முன்னாலேயே படியிலிருந்து லிட்டருக்கு மாற்றிக் காட்டிச் சண்டையைத் தீர்த்தாள். அதிலிருந்து என் வீட்டுக்காரர் அந்த டீச்சர் கட்சி.

"நான் விருதுநகர்ல பெரிய பெரிய கமிஷன் கடைக்காரங்களைப் பாக்கேன். அவங்களுக்கே இன்னும் வராத கணக்கு. நம்ம பிள்ளைக்கு வந்திருச்சு பாரு," என்பார்.

எனக்கு யார் அளக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், என் கை அளவை எத்தனை தடவை இப்படிப் புகழ்ந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற புகழ் எனக்கு வேண்டாம்.

மகள் எட்டாவது வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த டீச்சர் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசினாள். பள்ளி இன்ஸ்பெக்டர் வரப் போகிறாராம். கையால் செய்து படிக்கிற இந்த முறையை அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். அவருக்குப் பிடித்துப்போனால் விருதுநகரில் ஹாஸ்டல் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு டீச்சருக்கு மாற்றல் கிடைக்கும்.

"கிடைச்சா பிள்ளையையும் என்கூட அனுப்புங்கக்கா. ஒன்பதாவது அங்கன சேத்துவிடுதேன். ஹாஸ்டல்ல என் கண்ணு முன்னாலயே இருப்பா. இவளை எட்டோட நிப்பாட்டுறது பாவம்."

"மாற்றல் கிடைக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"கிடைக்கலேன்னா இங்கனதான் இருப்பேன். பிள்ளையைத் தனியா அனுப்பச் சொல்லமாட்டேன்."

என் வீட்டுக்காரர், "நான் வாரா வாரம் சரக்குக்குப் போறேனே, பாத்துட்டு வந்துருவேன்," என்றார். அவருக்கு வாரா வாரம் பார்க்கக் கிடைக்கும், டீச்சருக்கு நாள்தோறும் கிடைக்கும். எனக்கு? என் மகள் நிலைப்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும், பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். தாயே, அந்த ஆளுக்கு இவள் பாடம் பிடிக்கக் கூடாது. இவள் இங்கேயே இருக்கட்டும், என் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும். பிடிக்கவில்லை என்று அவர் எழுதினால் உனக்கு மாவிளக்கு.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பித்தளைப் படியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருட்டுத்தனமாக எடுத்துப் போவதைவிட அது மேல். மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட பெரியவர், நாற்காலியில். தாய்மார்கள் பின்னால் நின்றோம்.

பாடம் இதுதான். ஒரு பெரிய பானை நிறைய மணல். அது எத்தனை படி என்று முதலில் அளக்க வேண்டும். பிறகு அதையே லிட்டர் டப்பாவால் அளந்து, ஒரு படிக்கு எத்தனை லிட்டர் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒரு கூட்டம் வந்து மணலைப் படியால் அளந்து இன்னொரு பானைக்கு மாற்றியது. எட்டுப் படி என்றது. சரிதானா என்று பார்க்க, அதே மணலை அதே படியால் திருப்பி அளக்கிற வேலை என் மகளுடைய கூட்டத்துக்கு. அளக்கிறவள் அவள்.

படியைக் கையில் எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பட்டுச்சேலையில் என்னைக் கண்டுவிட்டாள்.

அள்ளினாள், தலை வழித்தாள், கொட்டினாள். "லாபம்," என்றாள்.

சொன்ன பிறகு திடுக்கிட்டு டீச்சரைப் பார்த்தாள். உடனே அடுத்த படியை அள்ளினாள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு..."

பானை காலியானபோது ஏழு என்று நின்றது.

கூட்டத்தில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "அங்கே எட்டு, இங்கே ஏழு. அதே மணல், அதே படி. ஒரு படி மணல் எங்கேம்மா போச்சு?"

என் மகள் முகம் செத்துப்போனது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்கு அது வரவே இல்லை. எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நிற்பது என் பிள்ளை அல்லவா?

டீச்சர் பதறவில்லை. சாவகாசமாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"யாரும் தப்புன்னு சொல்லக் கூடாது. ஒரு படி மண்ணு காணாமப் போச்சு. எங்க போச்சுன்னு தேடிக் கண்டுபிடிங்க பாப்போம்."

பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒருத்தன் பானைக்குள் தலையை விட்டான். ஒருத்தி சாக்கை உதறினாள். "அவ குவிச்சுக் குவிச்சு அளந்தா டீச்சர், அதான் கொறைஞ்சிருச்சு," என்றது ஒரு குட்டி.

"எங்கம்மா கடையில யாரும் குவிச்சு அளக்க மாட்டோம்!" என்று என் மகள் சீறினாள். அந்த நேரத்தில் கூட அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அப்ப மறுபடி அளங்க," என்றாள் டீச்சர். "ஒவ்வொரு படிக்கும் தரையில ஒரு புளியங்கொட்டை வைங்க. முதல்ல அளந்த மாதிரியே வாயாலயும் சொல்லணும்."

அளந்தார்கள். லாபம், ஒரு கொட்டை. ஒண்ணு, ஒரு கொட்டை. ரெண்டு, ஒரு கொட்டை. முடித்தபோது வாய் ஏழு என்றது. தரையில் எட்டுக் கொட்டை கிடந்தது. பிள்ளைகள் கொட்டையைத் திருப்பி எண்ணினார்கள். முதலில் பிடிபட்டது என் மகளுக்குத்தான்.

"டீச்சர்! லாபத்துக்கும் ஒரு கொட்டை! லாபத்தைக் கணக்குல விட்டுட்டேன்!"

மரத்தடியே சிரித்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "லாபத்தைக் கணக்குல விடக் கூடாதும்மா. அது சரி, லாபம்னு யார் சொல்லிக்கொடுத்தா?"

"எங்கம்மா லாபம்னு ஆரம்பிக்கும் சார். டீச்சர் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாக. நான் ரெண்டையும் சொல்லிட்டேன்." கையை நீட்டினாள். "அந்தா பட்டுச்சேலை கட்டி நிக்குதே, அதுதான் எங்கம்மா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"லாபம்னா ஒண்ணுதான் சார்," என்றேன். "அதுக்கு அடுத்து ரெண்டு. எங்க வீட்டுல படி கொறையாது."

"தெரியுதும்மா," என்றார்.

அப்புறம் அவர் டீச்சரைப் பார்த்துச் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "நல்லா நடந்த பாடம் நிறையப் பார்த்துட்டேன். பிள்ளை தடுமாறின இடத்துலயே நின்னு பிள்ளையையே கண்டுபிடிக்க வச்ச பாடத்தை இன்னிக்குத்தான் பார்த்தேன்." அவர் சொன்ன குரலிலேயே தெரிந்துவிட்டது, மாற்றல் வந்துவிடும் என்று.

மாரியம்மன் என் வேண்டுதலில் பாதியைத்தான் கேட்டாள். பாடம் தடுமாறத்தான் செய்தது. தடுமாறியது என் சொல்லால். அதை எடுத்து டீச்சர் ஜெயித்துவிட்டாள். என் வீட்டுச் சொல், என் வீட்டுப் படி, என் பிள்ளை, பேர் அவளுக்கு. மாவிளக்குப் போட வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

சாயங்காலம் அவள் என் அடுப்பங்கரைக்கே வந்தாள். "அக்கா, இன்னைக்குப் பாடம் நல்லா வந்தது உங்களாலதான். லாபம் எண் இல்லேன்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. லாபம்னாலும் ஒண்ணுதான்னு சொல்லியிருக்கணும்."

அவள் தப்பாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். சரியாகப் பேசுகிறவளை என்ன செய்வது? "இருங்க, காப்பி போடுறேன்," என்றேன். காப்பியில் சீனி போட மறந்துவிட்டேன். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அவள் போன பிறகு கடைப்பக்கம் வந்து பார்க்கிறேன், என் மகள் சுளகில் உளுந்தைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவே இல்லை. வேலை செய்யாத பிள்ளை கேட்காமல் வேலை செய்தால் அதற்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போகணும்னு இருக்கா?"

தலை நிமிரவில்லை. சொத்தை உளுந்தைத் தனியாகவும் நல்ல உளுந்தைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டே, "நீ போகச் சொன்னாத்தான் போவேன்," என்றாள்.

"டீச்சர் சொன்னாப் போதாதா?"

"போதாது."

அது மெய்யாகச் சொன்னதா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மாற்றல் உத்தரவு வந்த சேதி தெருவுக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வந்து நின்றாள். "என்ன மதினி, டீச்சரம்மா உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போறாகளாமே?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. கூட்டிக்கொண்டு போகிறாளாம்! அதுவரை அனுப்பலாமா வேண்டாமா என்று உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அனுப்பாமல் வைத்துக்கொண்டால் பிள்ளையின் உடம்பு என் கடையில் இருக்கும், மனசு டீச்சர் பின்னால் விருதுநகரில் இருக்கும். பிறகு காலமெல்லாம் அது அவளுடைய பிள்ளை. நான் அனுப்பினால் அனுப்பினவள் நான்.

"அவுக ஒண்ணும் கூட்டிட்டுப் போகல. நான் அனுப்புறேன்," என்றேன், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி. "எம் மக ஒன்பதாவது படிக்கப் போறா. வழித்துணைக்கு டீச்சர் போறாக."

உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

ஹாஸ்டலுக்கு அரிசி கொண்டுபோக வேண்டும் என்றார்கள். புறப்படுகிற அன்று காலை நான் பித்தளைப் படியைத்தான் எடுத்தேன். சாக்கின் வாயைப் பிடிக்க ஆள் வேண்டும். மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்து பிடித்தாள்.

"லாபம்," என்று நான் கொட்டினேன்.

"ரெண்டு," என்றாள் அவள், என்னோடு சேர்ந்து, மெதுவாக.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கை நானும் என் மகளும் எண்ணுவது. அடுத்த படியிலிருந்து நான் சத்தமாகச் சொன்னேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

கடைசிப் படியை மட்டும் தலை வழிக்காமல் கோபுரமாகக் குவித்தேன். மணிகள் ஓரத்தில் உருண்டு விழுந்தன.

"அக்கா, வழிக்கலையா?" என்று கையை நீட்டினாள்.

"இது எம் பிள்ளைக்கு. நீங்க சாக்கைப் பிடிங்க."

பிடித்தாள். கொட்டினேன்.

சாக்கைக் கட்டி முடித்த பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். அந்தப் படியைத் தர முடியுமா, புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடத்தை நடத்த ஆசையாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்றாள். என் மகளும் பெட்டியை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"குடும்மா. அங்கன பிள்ளைகளுக்கு லாபக் கணக்கை நான் அளந்து காட்டுவேன்."

இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று என்னைப் பார்த்தார்கள். வெளியே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"பிள்ளைகளுக்குக் காட்டணும்னா இங்கன கூட்டிட்டு வாங்க. நான் அளந்து காட்டுறேன்," என்றேன்.

சொல்லிவிட்டுப் படியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியனுப்ப வாசலுக்குப் போனேன். பஸ் தெருமுனை திரும்பி மறைகிற வரை அது என் இடுப்பில்தான் இருந்தது.